முதலில் யாரிடம் கேட்பீர்கள்? வட்டைக்குள் சேதி போகும் வழி

கேள்வி, ஒக்டோபர் 6

இந்தோனேசியாவில் முள்ளுத்தேங்காய் (எண்ணெய்ப்பனை) வைத்திருக்கும் சின்னத் தோட்டக்காரர்கள் தங்கள் ஊருக்குள் சேதியை எப்படிப் பகிர்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வேளாண்மை செய்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். ஊரில் ஒரு கெட்டிக்கார விவசாயியைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தால் மற்றவர்களுக்கு அது தானாகப் போய்ச் சேரும் என்பது என் எண்ணம். சரியா, பிழையா?

ஒக்டோபர் 6, இரவு 9.40

பிழை. எங்கள் வட்டையில் (வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம்) அப்படி ஒருவர் இருந்தார். பயிற்சி எடுத்தார். வயலோரத்தில் பலகை நட்டார்கள். விதைநெல் இலவசம், உரம் இலவசம். விளைச்சலும் நன்றாகத்தான் வந்தது. பக்கத்து வரம்புக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னது: "அவருக்கு எல்லாம் சும்மா வருது, விளையும்தானே." அதோடு சரி. அந்தப் பலகையில் இப்போது ஓணான் குடியிருக்கிறது.

ஒக்டோபர் 7

நேற்று மொட்டையாக எழுதிவிட்டேன். எனக்கு நாலு ஏக்கர், வெல்லாவெளிப் பக்கம், நவகிரிக் குளத்துத் தண்ணீர். வீடு எழுவான்கரையில், வாவிக்குக் கிழக்கே. குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூரில் இறங்கி அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் போவேன். (வெளியூர்க்காரருக்கு: வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் 'பாதை' என்றுதான் சொல்வோம்.)

சில வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை கையில் தாளோடு வயலுக்கே வந்தாள். "வேளாண்மையில ஒரு சந்தேகம் வந்தா முதலில யாரிட்டக் கேப்பீங்க? மூண்டு பேர் சொல்லுங்க ஐயா." நான் யோசிக்காமல் சொன்னேன்: கமக்காரர் அமைப்புத் தலைவர், விவசாயப் போதனாசிரியர், மேல்வட்டைப் போடியார் (பெரிய காணிக்காரர்) ஒருவர். அவள் எழுதிக்கொண்டு போனாள். பக்கத்து வயல் மாமாவும் அதே மூன்று பேரைத்தான் சொன்னாராம். அந்தத் தாளின்படி பார்த்தால் எங்கள் ஊரின் அறிவு முழுக்க மூன்று பேரின் திண்ணையில் கிடக்கிறது.

அந்த வருடம் நான் அந்த மூவரில் ஒருவரிடமும் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. போடியார் வீட்டுக்குக் கலியாணத்துக்குப் போனேன், அவ்வளவுதான். கேள்வி 'யாரிடம் கேட்பீர்கள்' என்று இருந்தது. நான் 'யாருக்கு மரியாதை கொடுப்பீர்கள்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஒக்டோபர் 9

உண்மையில் கேட்கிற இடம் பாதைதான். காலை ஆறரைக்கு ஏறினால் முன்னால் நிற்கிறவரின் சைக்கிளில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி விளங்கும். விதைநெல் மூடையென்றால் அவர் பலகையடித்து முடித்துவிட்டார். மருந்துத் தாங்கியென்றால் புல்லு முளைத்துவிட்டது. வெறுங்கையோடு நின்றால் தண்ணீர் வரவில்லை. வாயைத் திறக்கவே தேவையில்லை.

வாயைத் திறந்தால்தான் பொய் வரும். இதைப் பற்றி அப்புறம்.

ஒக்டோபர் 15

"ஆரம்பக் கூட்டம் வைக்கிறார்களே, அதில் எல்லாம் சொல்லப்படுகிறதுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓம், சொல்லப்படுகிறது. விதைப்பு எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும், மாடுகளை எந்தத் திகதிக்குள் வெளியேற்ற வேண்டும், குளம் எப்போது திறக்கும். எல்லாத் திணைக்களத்தாரும் வருவார்கள், கைதூக்கித் தீர்மானம் போடுவோம். ஆனால் அந்தத் திகதியெல்லாம் இரண்டு நாள் முந்தியே தேத்தண்ணிக் கடையில் தெரிந்துவிடும். கூட்டத்துக்குப் போவது கேள்விப்பட்டதைச் சரிபார்க்கவும், யார் வரவில்லை என்று பார்க்கவும்.

கூட்டத்தில் சொல்லாத ஒன்றே ஒன்றுதான் வேண்டிய சேதி: என் வாய்க்காலில் தண்ணீர் எந்த ராத்திரி வரும்? அது வாய்க்காலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானைக்குத்தான் தெரியும். 1958 நெற்காணிச் சட்டத்தோடு அந்தக் காலத்து விதானைப் பதவி சட்டப்படி போய்விட்டது. பெயர் போகவில்லை, வேலையும் போகவில்லை. எங்கள் வயற்கண்டத்தில் இன்றும் வருடா வருடம் ஒருவரைத் தெரிவு செய்து அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று கொடுக்கிறோம். என் தாளில் அவரையும் சொல்லாமல் விட்டிருக்கிறேன் பாருங்கள். தினமும் பார்க்கிற ஆள் கணக்கில் வருவதில்லை.

ஒக்டோபர் 16

கேட்டவர் முள்ளுத்தேங்காய்க்கே திரும்பி வந்திருக்கிறார். மலேசியாக்காரர் 'செம்பனை' என்பது இதைத்தான். எங்கள் நாட்டில் அது காலி, களுத்துறைப் பக்கத்துப் பயிர். 1968 இல் நாக்கியாதெனியத் தோட்டத்தில் தொடங்கியது, 2021 ஏப்ரலில் அரசாங்கம் இனி நடக்கூடாது என்று நிறுத்தியது. மட்டக்களப்பில் ஒரு மரமும் நான் பார்த்ததில்லை. அதனால் தெரிந்தவரை ஒப்பிடுகிறேன்.

எனக்குப் பெரிதாகப் படுவது காலம். நான் பிழையான விதைநெல் போட்டால் மூன்றரை மாதத்தில் ஊரே பார்த்துவிடும். அடுத்த போகத்தில் மாற்றிவிடுவேன். முள்ளுத்தேங்காயில் 'தெனெரா' என்ற கலப்புக் கன்றுதான் நடவேண்டும். அதற்குச் சதை தடிப்பு, ஓடு மெல்லிசு. சந்தையில் யாரோ விற்ற போலிக் கன்று 'டூரா'வாக இருந்தால் ஓடு தடிப்பு, எண்ணெய் குறைவு. கன்றாக இருக்கும்போது இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. காய்க்க மூன்று வருடம். தெரிந்த பிறகும் வெட்ட மனம் வராது, இருபத்தைந்து வருடம் அந்த மரத்தோடு வாழவேண்டியதுதான். அப்படியொரு பயிரில் பக்கத்து வீட்டுக்காரன் 'எனக்கு நல்லா இரிக்கி' என்று சொல்வதில் என்ன பெறுமதி? அவனுக்கே இன்னும் தெரியாதே.

இன்னொன்று, அங்கே குலையை வெட்டினால் ஒரு நாள், இரண்டு நாளுக்குள் ஆலைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கெடும். அதனால் ஆலையும் லொறிக்காரனும் சொல்வதுதான் சேதி. நெல்லைக் காயவைத்து வீட்டில் வைத்துக்கொண்டு 'பொறு பாப்பம்' என்று சொல்ல எங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. (இருந்தது. இப்போது வெட்டு மெசின் வந்த பிறகு பாதிப்பேர் ஈரத்தோடே களத்தில் விற்கிறோம். ஆகவே இந்தப் பந்தியில் நான் கொஞ்சம் பெருமையடித்துவிட்டேன்.)

ஒக்டோபர் 28

விதைத்தாயிற்று. 94-1 தான், மூன்றரை மாத நெல். பத்தலகொடை நெல் ஆராய்ச்சிக்காரர் எத்தனை புது இனம் விட்டாலும் நான் இதிலேயே நிற்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். மாமாவும் இதுதான்.

நவம்பர் 3

மழை. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 17

மழையில் வீட்டில் இருந்ததால் பழையது ஒன்று ஞாபகம் வந்தது. 2021 மே மாதம் இரசாயன உரம் இறக்குமதியை நிறுத்தினார்களே. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் உரம் எங்கே? 2005 இலிருந்து பல வருடம் 350 ரூபாய்க்கு எடுத்த 50 கிலோ யூரியாவுக்கு 2022 இல் அரசாங்கம் போட்ட விலையே 10,000 ரூபாய்.

அந்தப் பெரும்போகத்தில் ஊருக்குள் சேதி எப்படி ஓடியது தெரியுமா? ஓடவே இல்லை. வீட்டில் ஒரு அந்தர் உரம் இருந்தவன் அதைப் பாயால் மூடி மேலே நெல் மூடையை அடுக்கினான். பயிரின் பச்சையைப் பார்த்துத்தான் யாரிடம் உரம் இருந்தது என்று கண்டுபிடித்தோம். ஒருவர் ராத்திரி நிலவில் உரம் வீசினார். காலையில் அவருடைய வரம்பில் வெள்ளை மணி நாலைந்து சிதறிக் கிடந்தது, அதுவே போதுமாக இருந்தது.

ஆகவே என் பேச்சைத் திருத்துகிறேன். 'ஊருக்குள் சேதி தானாகப் பரவும்' என்பதும் பிழை, 'பரவாது' என்பதும் பிழை. சொன்னால் எனக்குக் குறையாது என்றால் சொல்வேன். சொன்னால் எனக்கு நல்லது என்றால் ஓடிப்போய்ச் சொல்வேன். சொன்னால் எனக்குக் குறையும் என்றால் பாயால் மூடுவேன்.

டிசம்பர் 8, விடிய 2.15

ஓடிப்போய்ச் சொல்வதற்கு உதாரணம் இப்போதுதான் நடந்தது. வட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு: "ஆனை கிழக்கால இறங்குது, மூண்டு நிக்குது, வெடி இரிக்கிறவங்க கிட்ட வாங்க!" பின்னால் நாய்ச் சத்தம், தகரம் தட்டுகிற சத்தம். ஒரு நிமிடத்துக்குள் பதினொரு பேர் பதில். நான் இக்கரையில் படுத்திருந்தபடி மாமாவின் வாடிக்கு எடுத்தேன். அவர் ஏற்கனவே பரணில்.

டிசம்பர் 8, காலை

யானை என் வரம்பை மட்டும்தான் மிதித்திருக்கிறது. மாமாவின் ஒரு மூலை போய்விட்டது.

அந்தக் குழுவைப் பற்றி: 140 பேர். காலை வணக்கப் படம், பிறந்தநாள் வாழ்த்து, காணாமல்போன மாட்டின் படம். யானையும் தண்ணீரும் வந்தால் மட்டும் உயிர் வரும். நெல் விலை பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வரி போட்டதில்லை.

டிசம்பர் 20

இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் கேட்டவருடைய கேள்விக்கு என் பதில் இதுதான் என்று நேற்று வயலில் நின்றபோது தோன்றியது.

எங்களுக்கு மருந்தடிக்க வருகிற பொடியன் ஒருவன் இருக்கிறான். வயது இருபத்துமூன்று இருக்கும். ஒரு காணித்துண்டும் இல்லை. தாங்கிக்கு இவ்வளவு என்று கூலி. நேற்று அவனை வரச்சொன்னது புல்லுக்கு விட்டுப்போன ஒரு மூலைக்கு. வந்தவன் தாங்கியை இறக்கவே இல்லை. வரம்பிலிருந்து நாலைந்து அடி உள்ளே இறங்கி, குனிந்து, பயிரை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்து, அடியில் உள்ளங்கையால் தட்டினான். தண்ணீரில் கபில நிறத்தில் எள்ளுப்போலச் சில பூச்சிகள் விழுந்தன. விழுந்ததும் பக்கவாட்டில் வழுக்கி ஓடின.

"அறக்கொட்டி, அண்ண. கீழ்வட்டையில முந்தநாள் பாத்தன். அங்க ரெண்டு வயல்ல வட்டம் வட்டமாக் காயத் தொடங்கிட்டு."

மேலே இலையெல்லாம் கரும்பச்சை. நான் தினமும் வரம்பில் நின்று பார்த்துவிட்டுப் பெருமையோடு திரும்பிய வயல்.

"அடிப்பமா மனே?"

"ஒண்ணா, வேணாம். இப்ப அடிச்சா இதத் தின்னுற சிலந்தியெல்லாம் செத்துப்போகும், மறுகா இது இன்னும் கூடும். கீழ்வட்டையில அதான் நடந்த. தண்ணிய வடிச்சு மூண்டு நாலு நாள் விடுங்க. யூரியா போடாதீங்க. கூடினா மட்டும் அடியில படுறமாதிரி அடிப்பம்."

இவனுக்கு இது எப்படித் தெரியும் என்று யோசித்தேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு வயலுக்குள் இறங்குகிறான். நான் என் நாலு ஏக்கரை வரம்பிலிருந்து பார்க்கிறேன், அவன் மூன்று வட்டையை முழங்காலளவில் பார்க்கிறான். எந்த மருந்து எந்த வயலில் வேலைசெய்தது, எது செய்யவில்லை என்று அவனுக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே வயலுக்கு அவனையே கூப்பிடுவார்கள். போதனாசிரியர் நல்ல மனிதர், கேட்டால் வருவார். ஆனால் அவருக்குப் பல ஊர். மருந்துக்கடைக்காரரிடம் போன வருடம் இதே பூச்சிக்குக் கேட்டேன். இரண்டு போத்தல் தந்தார், இரண்டையும் கலந்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். வட்டம் பெரிதானது.

அந்தப் பிள்ளை தாளோடு வந்த அன்றும் இந்தப் பொடியன் வரம்பில் உட்கார்ந்து தாங்கியின் குழாயைச் சரிசெய்துகொண்டுதான் இருந்தான். அவள் அவனிடம் கேட்கவில்லை. அவள் தேடி வந்தது விவசாயிகளை. நானும் அவனைச் சொல்லவில்லை.

டிசம்பர் 21

"தாங்கிக்குக் கூலி வாங்குகிறவன் பூச்சி வந்துவிட்டது என்றுதானே சொல்வான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம். ஆனால் அவன் அடிக்கவேண்டாம் என்று சொல்லிக் கூலியில்லாமல் போனான். அந்த மூலைக்குக்கூட அன்றைக்கு அடிக்கவில்லை. தேத்தண்ணி மட்டும் குடித்தான்.

ஆனாலும் அவனை மாமனிதனாக்க வேண்டாம். மேல்வட்டைப் போடியாரிடம் அவன் இப்படிச் சொல்லியிருக்க மாட்டான். அங்கே சொன்னதை அடித்துவிட்டுப் போவான். சொன்னால் கேட்கிற இடத்தில்தான் சொல்கிறான்.

டிசம்பர் 22

தண்ணீரை வடித்தேன். வக்கடையை வெட்டிவிட்டதும் அது எங்கே போகும்? மாமாவின் வயலுக்குள். அவர் முந்தின நாள்தான் உரம் போட்டிருந்தார். வரம்பில் நின்று அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பூச்சியைக் காட்டினேன். தன் வயலிலும் குனிந்து தட்டிப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பேருமாக அவருக்குக் கீழே உள்ளவரிடம் போனோம்.

இப்படித்தான் சேதி பரவியது, கேட்டவர் குறித்துக்கொள்ளவும்: ஏசிக்கொண்டு.

ஜனவரி 5

தப்பியது. இரண்டு சின்ன வட்டம் மட்டும் காய்ந்தது.

புல்லுப் பிடுங்க வந்த பெண்கள் இன்று பன்றிநெல் என்ற களையைப் பிடித்துக் காட்டினார்கள். முந்திக் கதிர் தள்ளும், உயர்ந்து நிற்கும், பழுத்ததும் தானே கொட்டும். கொட்டியது அடுத்த போகத்துக்கும் கிடந்து முளைக்கும். அதில் மூத்தவர் கேட்டார்: "விதநெல்லு யாரிட்ட எடுத்தீங்க தம்பி?" சொன்னேன். "அவர்ட வயல்ல போன மாரில நாங்கதான் பிடுங்கின. நிறையக் கிடந்த." எனக்கு விற்றவர் சுத்தமான விதை என்று சத்தியம் பண்ணாத குறை. அக்காவிடம் ஒக்டோபரில் கேட்டிருக்கலாம். வீட்டில் சொன்னபோது மனைவி, "எனக்குத் தெரியுமே" என்றாள். கேட்டால்தானே.

ஜனவரி 11

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று அம்பாறைக்காரர் ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். சரி. இங்கினியாகலையில் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தின் இடதுகரை, 1981. வாய்க்கால் உடைந்து, தண்ணீர் கடைமடைக்குப் போகாத காலம். கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளைக் கிராமங்களில் தங்கவைத்தார்கள். அவர்கள் சங்கம் அமைக்கச் சொல்லித் தொடங்கவில்லை. ஒரு சின்ன வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பத்து இருபது பேரிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பேசி, 'அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் நீங்களே என்ன செய்யலாம்' என்று கேட்டார்கள். முதலில் வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், பிறகு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒருவரைப் பிரதிநிதியாக்கினார்கள். மேலே இருந்த சிங்கள விவசாயிகள் கீழே இருந்த தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள், அந்தக் காலத்தில்.

கேட்டவருக்கு இதில் ஒன்று இருக்கிறது. அங்கே கெட்டிக்காரனைத் தேடவில்லை. வாய்க்காலைத் தேடினார்கள். யாருடைய தண்ணீர் யாருடைய வயலுக்குள் போகிறதோ அவர்களுக்குத்தான் பேச ஏதாவது இருக்கும். என் 22 ஆம் திகதிக் குறிப்பைப் பாருங்கள்.

ஜனவரி 15

பொங்கல். பொடியன் வந்தான். சாரமும் புதுச் சட்டையும். தாங்கியில்லாமல் பார்த்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

பெப்ரவரி 11

வெட்டியாயிற்று. அந்தக் காலத்தில் சூடு மிதிக்கும்போது களத்தில் நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். குறை, போதாது என்ற பேச்சே வரக்கூடாது. எத்தனை மூடை என்று கேட்பதும் இல்லை, கண்ணூறு படும். மெசின் வந்து ஒரு மணித்தியாலத்தில் கொட்டிவிட்டுப் போகிற இந்தக் காலத்திலும் அந்த ஒன்று மட்டும் மாறவில்லை. கேட்டால் எல்லோருக்கும் 'ஏதோ பரவாயில்லை'தான். விளைச்சல் கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்கிற எண்ணைக் கேட்டால் பேய்க்கும் சிரிப்பு வரும்.

பெப்ரவரி 12

ஒன்றை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பாசாங்கு.

எனக்கு வெளியூர் வியாபாரி ஒருவர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டார். ஒரு லொறிதான், நாளைக்கு ஏற்றுவேன் என்றார். அன்று பின்னேரம் மாமா வரம்பில் வந்து, "விலை எப்பிடி மருமகன், ஏதும் கேள்விப்பட்டயா?" என்றார். நான், "அதே விலதான் மாமா" என்றேன். அவர் அன்றிரவே உள்ளூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டார். யானை இறங்கிய ராத்திரி பரணில் நின்று என் வயலுக்கும் சேர்த்துத் தகரம் தட்டியவர்.

சொல்லியிருந்தால் லொறியில் பாதிதான் எனக்கு. அதுதான் கணக்கு. பாயால் மூடினேன்.

பெப்ரவரி 14

இன்று காலை பாதையில் மாமா. நடுவாவியில் கேட்டார், சாதாரணமாக, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே: "எத்தின மூட மருமகன்?"

"ஏதோ மாமா, கடனுக்குச் சரி."

"நூத்தியெட்டு எண்டு பொடியன் சொன்னான்."

லொறிக்கு மூடை தூக்க நான் கூப்பிட்டது அவனைத்தான். விலையையும் சொல்லியிருப்பானா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் சுருட்டைப் பற்றவைத்தார். பாதை துறையைத் தட்டும்வரை இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. இறங்கும்போது, "சிறுபோகத்துக்கு விதநெல்லு நான் வச்சிரிக்கன். வேணுமெண்டா வந்து எடு" என்றார்.